நெட் போன் மனு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தன் பிரவுசிங் சென்டர் வாசலில் சகாயசெல்வி மனுவோடு நிற்கிறாள். நெட்டில் பேசுவதற்குத் தனிக் கட்டணம் வரப்போகிறதாம், வேண்டாமென்று எழுதியிருக்கிறாள். காலையிலிருந்து ஒரு கையெழுத்தும் விழவில்லை. “நெட்டெல்லாம் நமக்கெதுக்கு?” என்று எல்லோரும் சிரித்தபடியே கடந்துபோகிறார்கள். உள்ளே எரியோடு ஊரிலிருந்து வந்த மாயம்மாள் ஹெட்போனை இரு கையாலும் காதோடு அழுத்தியிருக்கிறாள். குவைத்திலிருந்து மகன் பேசுகிறான். “ஏலே அப்பு, சாப்டியா?” திரை வெளிச்சத்தில் அவள் மூக்குத்தி மின்னுகிறது. பேசிவிட்டு வெளியே வந்தவள், “என்ன தாளு தாயி?” என்கிறாள். “இந்தப் பேச்சுக்குக் கூடுதலா காசு கேப்பாங்களாம், பெரியம்மா. வேணாம்னு எழுதிருக்கேன்.” “அடியாத்தீ, கொண்டா!” பெருவிரலை மையில் தோய்த்து அழுத்துகிறாள். அப்படியே தாளைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் இறங்கி, பூக்கட்டும் பெண்கள் நடுவே போய் உட்காருகிறாள். “எவ புருஷன்டீ துபாய்ல இருக்கான்? கையக் குடுங்க!” குபீரென்று சிரிப்பு எழுகிறது, நாலைந்து கைகள் நீளுகின்றன. சகாயசெல்வி மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.