காக்காவுக்கு எதுக்கு பைனாகுலர்

கடை வாசல்ல நின்னு, ஒரு புத்தகத்தை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தாங்க புத்தகக் கடைக்காரம்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலருந்து கழுத்துல பைனாகுலரோட ஒருத்தர் கண்ணைச் சுருக்கி அதைப் பாத்துக்கிட்டிருந்தார்.

இது மூணாவது புத்தகம். கை வலி வேற.

திரும்பி வந்தவர், தடியா இருக்கிற 'உலகப் பறவைகள்'தான் வேணும்னார். அட்டையில இருக்கிற கழுகு பளிச்சுனு தெரியுதாம். உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டல.

கடைக்காரம்மா இருபது வருஷமா பறவை பாக்கிறவங்க. மனசு கேக்கல. அதுல இருக்கிற முக்கால்வாசிப் பறவை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது, நம்ம வட்டாரத்துக்குன்னே சின்னதா ஒண்ணு இருக்கு, சட்டைப் பையில அடங்கும், எந்தப் பறவை எந்த மாசம் வரும்னு படத்தோட போட்டிருக்குன்னு எடுத்துச் சொன்னாங்க.

"அது அங்கேருந்து தெரியலையேம்மா."

"பறவையை நீங்க பாக்கறதுக்குப் புத்தகமா சார், இல்ல பறவை உங்களைப் பாக்கறதுக்கா?"

பில் போட நின்ன ரெண்டு பேர் சிரிச்சுட்டாங்க. அவர் குரலைத் தணிச்சுக்கிட்டார்.

"எதிர்வீட்டுல என் மாமனார் தனியா இருக்கார். போன மாசம் பாத்ரூம்ல விழுந்து ரெண்டு மணி நேரம் கிடந்திருக்கார். எங்க வீட்டுக்குக் கூப்பிட்டா வர மாட்டார். ஆள் வச்சா விரட்டிடுவார். அதான், காலைல அவர் எழுந்து ஜன்னலைத் திறக்கிற வரைக்கும் பைனாகுலரோட நிப்பேன். ஒரு நாள் அவர் என்னைப் பாத்துட்டார். பறவை பாக்கறேன்னேன். என்ன பறவைன்னார்."

"என்ன சொன்னீங்க?"

"வாயில காக்காதான் வந்துச்சு. காக்காவுக்கு எதுக்கு மாப்ளே பைனாகுலர்ங்கறார். அங்கேருந்து என் கையில இவ்ளோ பெரிய பறவைப் புத்தகத்தைப் பாத்தா நம்பிடுவார்."

கடைக்காரம்மா தடிப் புத்தகத்தை வாங்கி அலமாரியில வச்சுட்டு, சின்னதை அவர் கையில திணிச்சாங்க.

"உங்களுக்கு இதுதான் உபயோகம். நேத்து ஒரு பெரியவர் கைத்தடி ஊனிக்கிட்டு வந்து இதைத்தான் வாங்கிட்டுப் போனார்."

"என் மாமனாரா? அவருக்கு எதுக்கும்மா?"

"'என் மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லவே வரலம்மா, காக்காங்கறார். எனக்காக நின்னு நின்னு தினம் ஆபீசுக்கு லேட்டாப் போறார். நாலு பறவை பேரு தெரிஞ்சுக்கிட்டா, விடியக்காலையிலயே எழுந்து ஜன்னல்ல நின்னு ஒண்ணைச் சத்தமாச் சொல்லிடுவேன், அவரும் நேரத்தோட கிளம்பலாம்'னார்."