ஊழியர் எண் 417

"யாருக்கு இந்த ராஜ மரியாதை?"

மேனேஜர் இடது கையால் மேசையைத் தட்டினார். குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கை மாவுக்கட்டில் இருந்தது.

எதிரே நின்ற புரோகிராமர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊழியர்கள் எல்லாரும் தினமும் அறிக்கை எழுதும் இணையதளம் அது. திரையில் தெரிவதெல்லாம் அவள் பொறுப்பு. சர்வர் வேறு குழுவிடம். மும்முரமாக அடித்துக்கொண்டிருக்கும்போது சர்வர் திடீரென்று 'நீ யார்?' என்று கேட்கும். உடனே திரை லாகின் பக்கத்துக்குத் தள்ளிவிடும். மறுபடி லாகின் செய்தால் முகப்பில் போய் நிற்க வேண்டியதுதான். அடித்ததெல்லாம் அம்பேல்.

417-ஆம் எண்காரருக்கு மட்டும் அப்படியில்லை. விட்ட பக்கத்துக்கே திரும்பிப் போவார். அடித்தது ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கும். அதற்காக அவள் எழுதிய புரோகிராம் வரிகளை இன்று டீம் லீடர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஊரே புலம்புதுன்னு நீதானே வந்து நின்னே? தளத்துல கோளாறு இல்ல, ஆளுங்ககிட்டதான் கோளாறுன்னு அப்பவே சொன்னேன். கணக்குப் பிரிவுல இருக்காரே உன் வீட்டுக்காரர், அவருக்குத்தானே இந்தச் சலுகை?" என்றார் மேனேஜர்.

"ஐயோ, இல்ல சார்! அவர் அறிக்கை நேத்துகூடக் காணாமப் போச்சு. ராத்திரி எனக்கு ஒரே அர்ச்சனை."

பக்கத்து நாற்காலியில் இருந்த டீம் லீடர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அப்போ யாரு? பேரைச் சொல்லு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாருக்கும் சரி பண்றேன், ரெண்டு நாள் குடுங்கன்னு கேட்டேன் சார். நீங்க வேண்டாம்னுட்டீங்க. இவர் ஒருத்தருக்காவது செய்வோம்னுதான்... பாவம், அவர் படற பாட்டைப் பாக்க மனசு கேக்கல."

"பாவமாம்! பேரு?"

அவள் பார்வை மாவுக்கட்டின் மேல் போனது.

டீம் லீடர்தான் மெல்ல எழுந்தார். "சார், அந்தச் சலுகை 417-ஆம் எண்ணுக்கு. கழுத்துல இருக்கிற உங்க அடையாள அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

மேனேஜர் எரிச்சலோடு திருப்பினார். புகைப்படத்துக்குக் கீழே 417.

அட்டையைப் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். இத்தனை நாளும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியும் தனக்கு மட்டும் ஒரு வரிகூடத் தொலையாதது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

"முதல்ல உன் வீட்டுக்காரருக்கு, அப்புறம் மத்த எல்லாருக்கும்," என்றார். "ரெண்டு நாள் போதுமாம்மா?"