நூற்றில் நாலு

நிவாரணப் பெட்டி என்றால், கொடுத்தவர் மனசை அளந்து மூடியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். கடலூர்ப் பள்ளிக்கூட முகாமில் ஏகாம்பரத்துக்குக் கிடைத்த பெட்டியில், ‘இரக்கம் 4, விளம்பரம் 96’ என்றிருந்தது.

“தொண்ணூத்தாறு பங்கு அவன் பேருக்காகக் குடுத்திருக்கான். திருப்பி அனுப்பிடு,” என்றான். புயல் வீட்டைக் கொண்டுபோயிருந்தது, ரோஷத்தை விட்டுவைத்திருந்தது.

“ரோஷத்தக் கரைச்சி புள்ளைக்கு ஊத்த முடியுமா?” என்று அவன் மனைவி செண்பகம் பெட்டியைப் பிரித்தாள்.

பால்மாவு டின், போர்வை, சின்ன அடுப்பு. எல்லாவற்றிலும் கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அடுப்பு வந்து என்ன பயன்? முகாமிலிருந்த தீப்பெட்டியெல்லாம் நமுத்துப்போயிருந்தன. குழந்தை வீறிட்டது.

போர்வை மடிப்புக்குள் செண்பகத்தின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு தீப்பெட்டி. யாரோ அதைப் பழைய பால் கவரில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கவரும் சுற்றி, பூக்கட்டுகிற வாழைநாரால் இறுக்கி முடிந்திருந்தார்கள். அதில் மட்டும் பெயர் இல்லை.

ஏகாம்பரம் அதை வாங்கி, அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பெட்டி கட்டுன பொண்ணு யாரோ வெச்சிருக்கா. வெள்ளத்துல நின்னவளாத்தான் இருக்கணும்,” என்றான்.

முதல் குச்சியே பற்றிக்கொண்டது. குழந்தை பால் குடித்துத் தூங்கியதும், தீப்பெட்டியை அதே கவர்களில் சுற்றி, அதே நாரால் கட்டி, பக்கத்துப் பாயில் பிள்ளையோடு இருந்தவளிடம் நீட்டினான்.

“எந்தக் கம்பெனி குடுத்தது?” என்றாள் அவள்.

“கம்பெனி இல்லக்கா. மூடியில நாலுன்னு போட்டிருக்கே, அவ குடுத்தது.”