காவலன் வாயில் ஒரு சொல்

மேசை விளையாட்டில் வரும் பேசும் பொம்மைகளுக்குக் குணமும் பேச்சும் எழுதித் தருவது பரஞ்சோதியின் வேலை. அவன் எழுதிய கோட்டைக் காவலனை நிறுவனம் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டது.

"பேசுறான், ஆனா உயிரே இல்ல சார். உங்க வீட்லேர்ந்து எதையாவது போடுங்க" என்றார் மேலாளர்.

மகள் நிலவரசியின் கன்னத்து மச்சத்தைப் பார்த்து, "அடி உளுந்து" என்று கொஞ்சுவது பரஞ்சோதியின் வழக்கம். அதைக் காவலன் வாயில் போட்டான். பொம்மை உடனே தேறியது.

தேறிய சொல் நிறுவனத்தின் சொத்து. வேறு யார் சொன்னாலும் குற்றம். வீட்டுச் சுவரும் கேட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். அன்றிலிருந்து அவளை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

"எம்மேல கோவமாப்பா உனக்கு?" என்று கேட்டாள்.

"இல்ல, நிலவரசி."

ஒரு மாலை அவளைத் தேடிப் பக்கத்து வீட்டுக்குப் போனான். பிள்ளைகள் அவன் எழுதிய காவலனை நடுவில் வைத்துப் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் காயும் கோட்டைக்குள் போய்விட்டது. அவள் காய் மட்டும் காவலன் முன்னாலேயே நின்றது.

"அடி உளுந்து, யாரைப் பாக்கணும்?" என்றது பொம்மை.

"நிலவரசி, வீட்டுக்கு வாம்மா."

அவள் திரும்பவில்லை. பொம்மையையே பார்த்தபடி அவனிடம் சொன்னாள்: "கொஞ்சம் இருங்க. அப்பா கூப்பிடுறாரு."