எந்த மன்னிப்பு?

"'இகான்'னு சொல்லிட்டுப் போயேம்மா! சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?"

கான்ஃபரன்ஸ் அறை வாசலில் நின்று மேனேஜர் பல்லைக் கடித்தார். உள்ளே பெரிய திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் முதலாளி ஜப்பான்காரர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் 'சாரி' என்பார். அதை அவர்கள் மொழியில் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளர் அம்மாளோ அசைந்துகொடுப்பதாக இல்லை.

"முதலாளிக்கு எல்லாத்துக்கும் ஒரே சாரிதான் சார். அவங்களுக்கு அது பல விதம். தெரியாம காலை மிதிச்சா ஒண்ணு, பெரிய தப்பு பண்ணினா ஒண்ணு. நீங்க சொல்ற இகான், 'நடந்தது வருத்தமா இருக்கு'ன்னு ஒதுங்கி நின்னு சொல்றது. நான் 'ஓவாபி'ன்னுதான் சொல்வேன். தப்பு எங்களோடதுன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்கிற வார்த்தை அது."

மேனேஜருக்குத் தலை சுற்றியது. அவர் இங்கே வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படியொரு வம்பு. கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பிய பிரஸ் மிஷினில் அங்கே ஒரு ஆபரேட்டருக்கு மூன்று விரல் போய்விட்டது. நழுவுவதற்கு இதுதான் தோது என்று வக்கீல் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு ஜப்பானிய வார்த்தையைக் காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இவளானால் முரண்டு பிடிக்கிறாள்!

"தப்பு நம்மோடதுன்னு யாரு சொன்னது?"

"மிஷினோட கதவைத் திறந்தா அது தானா நிக்கணும் சார். டெஸ்டிங் சீக்கிரம் முடியணும்னு அப்படி நிறுத்துற சுவிட்சை டேப்பால ஒட்டிட்டு ஓட்டுறது இங்கே வழக்கம். இந்தத் தடவை ஒட்டின டேப்பைப் பிரிக்காமலே அனுப்பியாச்சு."

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். டேப் விஷயம் தனக்கும் முதலாளிக்கும், டெஸ்டிங் பார்த்த அந்த ஆளுக்கும் தவிர வேறு ஈ காக்காய்க்குத் தெரியாது என்றல்லவா நம்பியிருந்தார்!

"மெதுவாப் பேசு! உன்கிட்ட யாரு உளறினது?"

"யாரு சொன்னா என்ன சார்? பொய்யா?"

பொய்யில்லை. அதனாலேயே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பவே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன், தெரியுமா?"

"தாராளமா அனுப்புங்க. உள்ளே போய் நீங்களே பேசுங்க."

கையில் இருக்கும் ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசுவது? மேனேஜர் சட்டென்று இறங்கி வந்தார்.

"ஏம்மா, உனக்கென்ன? ஏசி ரூம்ல உட்கார்ந்து வார்த்தை பொறுக்குற வேலை. அடி விழப்போறது கீழே எண்ணெய்லயும் கிரீஸ்லயும் நிக்கிறவனுக்கு. தப்பை ஒத்துக்கிட்டா அடுத்த கேள்வி, 'யாரு டெஸ்ட் பண்ணினது?'ன்னுதான் வரும். இங்கே ஒரு மிஷினுக்கு ஒரு ஆள். அவன் தப்பிக்கவே முடியாது. வேலை போகும், கேஸ்கூட வரும்."

"தெரியும் சார்." முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

ஆஹா, ஆள் மசிகிறாள் என்று மேனேஜர் நினைத்தார். விடுவாரா? "தெரிஞ்சுமா இப்படி அடம்பிடிக்கிற? பாவம், நாலு நாளா சோறு தண்ணி இல்லாமக் கிடக்கானாம்."

"விரல் போனவரும் அப்படித்தான் சார் கிடப்பாரு. அவருக்குச் சேர வேண்டிய வார்த்தையை யாரும் மறைக்க வேணாம். முதலாளி என்ன, யாரு வந்து சொன்னாலும் நான் மாத்த மாட்டேன்."

உள்ளேயிருந்து, "எல்லாம் ரெடி, வாங்க!" என்று குரல் வந்தது. அவள் கதவை நோக்கி நடந்தாள்.

மேனேஜர் பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன் ஒரு வார்த்தையால ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வரப்போகுது! நாளைக்கு அந்த டெஸ்டிங் ஆளோட பொண்டாட்டி வந்து உன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டா என்ன பதில் சொல்வே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன. ஆனாலும் கை அவரை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளித் திறந்தது.

"அவர் பொண்டாட்டியே நான்தான் சார்."