அடியில் ஒரு வரி

“கோட் ஒரு வரிகூட ரிப்போர்ட்ல வரக் கூடாது, ஆரின். என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன், வந்து தொலையுது!”

மாரெனின் புலம்பலைக் கேட்டு, பக்கத்து மேசை ஆரின் காப்பிக் கோப்பையோடு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். டுலூத் ஏரி ஆய்வகத்தில் மாதாமாதம் பனிக்கட்டி அறிக்கை தயாரிப்பது அவள் வேலை. விளக்கம், கணக்குப் போடும் கம்ப்யூட்டர் கோட் இரண்டும் ஒரே ஃபைலில் இருக்கும். பிடிஎஃப் ஆக்கும்போது விளக்கம் மட்டும் வர வேண்டும்.

“வந்தா வரட்டுமே. உன் கோட் சுத்தமாத்தானே இருக்கும்?”

“கோட் சுத்தம்தான். நடுவுல மாசாமாசம் நான் எழுதி வைக்கிற குறிப்பைப் படி.”

படித்தான். ‘கிழம் சொன்னதால் இந்த வரி. காரணம் கிழத்துக்கே தெரியாது.’

கிழம் என்பது பேராசிரியர் ஹால்வர்சன். மாரெனின் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர். அறிக்கை மதியத்துக்குள் அவருக்குப் போயாக வேண்டும்.

“அவர் இந்த ஃபைலைத் திறந்து பாக்க மாட்டாரா?”

“அவருக்குத் திறக்கவே தெரியாது. பிடிஎஃப் மட்டும்தான்.”

“சரி, ஃபைல் மேல ‘கோட் வேண்டாம்’னு செட்டிங் போட்டியே, அந்த வரியில நின்னு கண்ட்ரோல்-சி ரெண்டு தடவை அமுக்கினியா? இந்த சாஃப்ட்வேர்ல அப்பத்தான் செட்டிங் ஏறும், இல்லேன்னா அது பாட்டுக்குப் பழையபடிதான் நடக்கும்.”

“அய்யோ, அமுக்கலையே!”

அமுக்கினாள். புது பிடிஎஃப் வந்தது. முதல் பக்கத்திலேயே கிழம் உட்கார்ந்திருந்தது. மாரெனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆரின் ஃபைலின் அடிவரை உருட்டினான். அங்கே இன்னொரு செட்டிங்: ‘கோட் வேண்டும்.’

“கீழ இருக்கிறதுதான் ஜெயிக்கும். யார் எழுதினது?”

“சத்தியமா நான் இல்ல. பொது ஃபோல்டர், யாரோ கை வச்சிருக்காங்க.”

“அப்போ போன மாச ரிப்போர்ட்டெல்லாம்?”

“நான் திறந்து பாத்ததில்ல, இன்னிக்குத்தான் முதல் தடவை. ஆனா சரியாத்தான் போயிருக்கும். இல்லேன்னா இந்நேரம் என் சீட்டைக் கிழிச்சிருப்பாரே!”

அந்த வரியை அழித்தாள். கிழம் மறைந்தது. அறிக்கையை அனுப்பிவிட்டு, நிம்மதியாக சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

பாதி சாப்பிடும்போது வாசலில் ஹால்வர்சன் வந்து நின்றார்.

“மாரென், இந்தத் தடவை கோட் வரலையே?”

“உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவுன்னு எடுத்துட்டேன்.”

“முதல் மாசம் தவறி வந்துச்சு. அது நின்னுடக் கூடாதேன்னுதான் ஃபைலைத் திறக்கக் கத்துக்கிட்டு, அடியில ஒரு வரி போட்டு வச்சேன்” என்றார் ஹால்வர்சன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். “திரும்பப் போட்டு அனுப்பு. கிழம் இந்த மாசம் என்ன பண்ணிச்சுன்னு தெரிஞ்சுக்க வீட்ல என் மனைவி காத்துக்கிட்டிருக்கா.”