ரெட்டைச் சடை

"வீடு மாறுறோம் மேடம். மூணு பள்ளிக்கூடம் பாத்தாச்சு, இவ அம்மாவுக்கு எதுவும் பிடிக்கல" என்றான் கணவன்.

மனைவி மகளின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இங்கயும் ரெட்டைச் சடை கட்டாயமா மேடம்?"

தலைமை ஆசிரியைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்லம்மா. முடிய வெட்டி விட்டாலும் சரிதான். ஆனா பெத்தவ காலையில அஞ்சு நிமிஷம் பின்னி விட்டா கையா தேஞ்சிடும்?"

"அப்ப இங்கயே சேத்துடறோம்."

மகள் ஊஞ்சலைப் பார்த்து வெளியே ஓடினாள். கணவன் மனைவியைக் கைத்தாங்கலாக எழுப்ப, தலையில் போட்டிருந்த முந்தானை நழுவியது. தலையில் ஒரு முடி இல்லை.

"டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க மேடம். புது வீட்டுக்கு இவரும் எம் பொண்ணுந்தான். எவ்வளவோ சொல்லிக் குடுத்துட்டேன், இவருக்குச் சடை பின்ன வரல."